அத்தோவ அடுப்புல ஏத்தாதீங்க: பர்மாலேர்ந்து பீச் ஸ்டேஷனுக்கு வந்த கதையும், வீட்ல செய்ற விதமும்

போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் சோம்பேறித்தனத்துல ஆப்ல அத்தோ, அதான் சென்னைல வண்டில விக்கிற பர்மா நூடுல்ஸ், ஆர்டர் பண்ணித் தொலச்சேன். டப்பாவ தொறந்தா சோயா சாஸ் வாசன தூக்குது, குடமொளகா வேற, நூடுல்ஸ கல்லுல போட்டு நல்லா பொரட்டி எடுத்து அது மேல பேருக்கு நாலு வெங்காயம் தூவி வச்சிருந்தாங்க. சூப் எங்கன்னு போன் போட்டு கேட்டா அது தனி ஐட்டம் சார்னு பதில். அத்தோக்கு சூப் தனி ஐட்டமாம், பரோட்டாக்கு சால்னா தனி காசுன்ற மாதிரி. சண்ட போட தெம்பு இல்ல, அதனால இத எழுதுறேன். வீட்லயே செய்யலாம், கஷ்டமே இல்ல, ஆனா அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா மட்டும்தான் சரியா வரும், ஏன்னா செய்முறையே அந்தப் பேர்லதான் இருக்கு.

பர்மிய மொழில 'அதோக்'னு ஒரு வார்த்த. அந்த கடைசி 'க்' வாயில வராது, தொண்டையிலயே சட்டுனு நிறுத்திடுவாங்க, அதனால நம்ம காதுக்கு அது 'அத்தோ'ன்னு விழுந்துச்சு. அர்த்தம் என்னன்னா கலந்து பெசஞ்சது, அவ்ளோதான். நூடுல்ஸுன்னு அர்த்தமே கிடையாது! நூடுல்ஸுக்கு அவங்க சொல்றது 'கௌ ஸ்வே', அத கலந்தா 'கௌ ஸ்வே தோக்'. தேயிலைய ஊற வச்சு கலந்தா 'லபெ தோக்', இஞ்சிய கலந்தா 'ஜின் தோக்', கையால எல்லாத்தையும் கலந்து குடுத்தா 'லெ தோக்', 'லெ'ன்னா கை. அதாவது நம்ம ஊர்ல பொரியல், கூட்டுன்னு ஒரு வகைய சொல்ற மாதிரி, அங்க 'தோக்'ன்றது ஒரு குடும்பம், அதுல நூடுல்ஸ் ஒரு புள்ள. நாம முதல் பாதிய கழட்டி வுட்டுட்டு பின்னாடி இருந்தத மட்டும் பேரா வச்சுக்கிட்டோம். இப்ப புரியுதா ஏன் கல்லுல பொரட்டக்கூடாதுன்னு. அடுப்பு வேலையெல்லாம் முன்னாடியே முடிஞ்சிரணும், கடைசில நடக்குறது கை வேல மட்டும்தான், சாப்பாடு ஆறித்தான் இருக்கும், சூடு வர்றது சூப்லேர்ந்து.

சரி இது எப்படி சென்னை பாரிமுனைக்கு வந்துச்சுன்னு பாக்கலாம். பர்மா 1937 வரைக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுலயே ஒரு மாகாணம், ரங்கூன் போறதுன்றது மெட்ராஸ்ல கப்பல் ஏறுறது, அவ்ளோதான். வட்டிக்கு விட்ட செட்டியாருங்க, நெல்லு அறுக்கப் போனவங்க, துறைமுகத்துல மூட்ட தூக்கப் போனவங்கன்னு ஏகப்பட்ட பேர் போனாங்க, 1931 கணக்கெடுப்புல ரங்கூன் ஜனத்தொகைல பாதிக்கு மேல இந்தியாலேர்ந்து போனவங்கதான்னா பாத்துக்கோங்க. 1942ல ஜப்பான்காரன் உள்ள வந்தப்ப காடு மல நடந்தே ஓடி வந்தது ஒரு கூட்டம், ஆனா அத்தோவ தூக்கிட்டு வந்தது அதுக்கு அடுத்த கூட்டம். 1962 மார்ச்ல ஜெனரல் நே வின் ஆட்சிய புடிச்சாரு, 1964ல சின்ன கட பெரிய கடன்னு பாக்காம அரசுடைமை ஆக்கினாங்க, அதே வருஷம் மே மாசம் 50 கியாட் 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. கட போச்சு, கைல இருந்த காசும் காகிதமா போச்சு, லட்சக்கணக்குல ஜனங்க கப்பல் கப்பலா கெளம்பி வந்தாங்க. அதுல நெறைய பேருக்கு தமிழ்நாடு பழக்கமே இல்லாத ஊரு, பொறந்ததே அங்கதான்.

வந்தவங்க வியாசர்பாடி, எண்ணூர்னு வடசென்னை பக்கம் நெறைய குடியேறுனாங்க, பர்மா காலனி பர்மா நகர்ன்ற பேரெல்லாம் அப்படி வந்ததுதான். (சில பேரு திரும்ப பர்மாவுக்கே போயிடலாம்னு மணிப்பூர் வழியா போயி, எல்லைல தடுத்ததால அங்க மோரேன்ற ஊர்லயே தங்கிட்டாங்க. இன்னைக்கும் அங்க தமிழ்ச் சங்கம் இருக்கு, கோயில் இருக்கு, அது தனியா எழுத வேண்டிய கத.) பொழப்புக்குன்னு 1969ல பீச் ஸ்டேஷன் எதிர்ல வரிசையா கட போட எடம் குடுத்தாங்க, அதான் பர்மா பஜார். நம்மள்ல பாதி பேருக்கு பர்மா பஜார்னா வாட்ச், கேசட், சென்ட்டு, அப்புறம் டிவிடி, செல்போன் கவர். பேர்ல இருக்குற பர்மாவ நெசமா நாக்குல பாக்கணும்னா பஜாருக்குள்ள இல்ல, அதுக்குப் பின்னாடி செகண்ட் லைன் பீச் ரோட்ல சாயங்காலம் நிக்கிற வண்டிங்கள்லதான்.

நான் பிராட்வேல வேல பாத்தப்ப ஆபீஸ் முடிஞ்சு டிரெயின் புடிக்கிறதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டே சாப்டு பழகுனேன். செய்ய கத்துக்கிட்டது அங்க இல்ல, எங்க தெருவுல இருந்த ஒரு ஆயாகிட்ட. அவங்க ரங்கூன்ல பொறந்து வளந்தவங்க, கப்பல்ல வந்தப்ப கல்யாணம் ஆகி கைல கொழந்த. "நீங்க கடைல சாப்டறது பாதி அத்தோடா, மீதிய நாங்க கப்பல்லயே வுட்டுட்டு வந்துட்டோம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. என்னத்த வுட்டாங்கன்றத கீழ சொல்றேன்.

நாலு பேருக்கு கணக்கு சொல்றேன். மொதல்ல சூப்ப ஏத்திடுங்க, அதுக்குத்தான் நேரம் புடிக்கும். ஒரு அடி நீளத்துக்கு வாழத்தண்டு வாங்கிக்கோங்க, வெளிப்பட்டைய உரிச்சுட்டு மெல்லிசா வட்டமா நறுக்குங்க, ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவுல நூல் வரும், அத வெரல்ல சுத்தி சுத்தி எடுத்துட்டு மோர் கலந்த தண்ணில போட்டு வைங்க, இல்லன்னா கறுத்துடும். ஒரு பாத்திரத்துல ரெண்டு ஸ்பூன் எண்ணெ, ஒரு வெங்காயம், இஞ்சி பூண்டு தட்டுனது ஒரு ஸ்பூன், அர ஸ்பூன் மஞ்சத்தூள், வதங்குனதும் தண்டப் போட்டு ஒன்ற லிட்டர் தண்ணி ஊத்தி 25 நிமிஷம் கொதிக்க விடுங்க. இன்னொரு பக்கம் மூணு ஸ்பூன் கடல மாவும் ஒரு ஸ்பூன் அரிசி மாவும் வெறும் சட்டில வாசன வர்ற வரைக்கும் வறுத்து, ஆறுனதும் பச்சத் தண்ணில கட்டி இல்லாம கரச்சு, கொதிக்கிற சூப்புல கிண்டிக்கிட்டே ஊத்துங்க. மெளகுத்தூள் ஒன்ற ஸ்பூன், உப்பு, இன்னும் 10 நிமிஷம். ரசத்த விட கெட்டி, சாம்பார விட தண்ணி, அதான் பதம்.

இந்த சூப்பு யாருன்னு தெரியுமா? பர்மாவுல காலைல நாம இட்லி சாப்புடுற மாதிரி அவங்க சாப்புடுறது 'மொஹிங்கா', அரிசி சேமியா மேல மீன் கொழம்பு ஊத்துறது, அந்த கொழம்புல வாழத்தண்டு இருக்கும், வறுத்த அரிசி மாவோ கடல மாவோ போட்டு கெட்டியாக்குவாங்க. அங்க அது தனி ராஜா. இங்க வந்து மீன கழட்டி வச்சுட்டு அத்தோக்கு பக்கத்துல கெண்ணத்துல உக்காந்துக்கிச்சு. வண்டில 'மொய்ங்கா'ன்னு கேட்டா இன்னும் அதையே சேமியால ஊத்திக் குடுப்பாங்க. மீன் சாப்டறவங்க வீட்ல ரெண்டு துண்டு வேக வச்சு முள்ளு எடுத்து மசிச்சு சேத்துப் பாருங்க, ஆயா வீட்ல அப்படித்தான், எலுமிச்சம்புல் கெடச்சா ஒரு தண்டு நசுக்கிப் போடுவாங்க.

சூப் கொதிக்கிற நேரத்துல பொரிக்கிற வேல. இதுதான் அத்தோவோட உசுரு, இதுல சுருக்கம் பண்ணாதீங்க. 150 மில்லி கடல எண்ணெ, ரெண்டு முழுப் பூண்டு, மூணு பெரிய வெங்காயம். பூண்ட மெல்லிசா சீவி எண்ணெ சூடாகறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, சின்ன தீ. லேசா பொன்னெறம் வந்தவுடனே அரிச்சு எடுத்துடணும், இன்னும் கொஞ்சம் செவக்கட்டும்னு நின்னீங்கன்னா போச்சு, எடுத்து வச்ச பொறவும் அதுவா செவந்துக்கும், கருகுன பூண்டு மொத்த எண்ணெயையும் கசக்க வச்சிடும். நான் மொத தடவ பண்ணப்ப போன் பேசிக்கிட்டே கருக வுட்டு மொத்தத்தையும் கொட்டிட்டு மறுபடி கடைக்கு ஓடுனேன். அப்புறம் அதே எண்ணெல வெங்காயத்த நீளமா நறுக்கிப் போட்டு முறுகலா எடுங்க, இதுக்கு நடு தீ, பத்து பன்னெண்டு நிமிஷம் ஆகும். மிச்சம் இருக்குற எண்ணெய கீழ ஊத்திடாதீங்க, அந்த எண்ணெதான் மசாலா. அத்தோல வேற மசாலாத் தூளே கெடையாது, கரம் மசாலாவும் இல்ல, சீரகமும் இல்ல, யாராவது போட்டா ஒத்துக்காதீங்க.

பத்து காஞ்ச மொளகாய வெறும் சட்டில வறுத்து ஒண்ணு ரெண்டா இடிங்க, மெஷின் மொளகாத்தூள் போட்டா மாவு மாவா ஒட்டிக்கும், சரி வராது. எலுமிச்ச அளவு புளிய ஒரு டம்ளர் தண்ணில கரச்சு வடிகட்டி ரெண்டு நிமிஷம் கொதிக்க வச்சு ஆற வைங்க (வண்டில பச்சயாத்தான் ஊத்துவாங்க, வீட்ல கொழந்தைங்க இருந்தா கொதிக்க வச்சுக்கறது நல்லது). பொட்டுக்கடல நாலு ஸ்பூன் மிக்ஸில ஓட்டி சலிச்சுக்கோங்க.

அந்த பொட்டுக்கடல மாவு எதுக்குன்னு நெறைய பேருக்கு தெரியாது, வீட்ல செய்யும்போது இதத்தான் விட்டுடுவாங்க. அங்க வறுத்த கடல மாவு போடுவாங்க, நம்ம பொட்டுக்கடலயும் வறுத்த கடலதானே, கைக்கு எட்டுற தூரத்துல இருந்தத எடுத்துக்கிட்டாங்க. இது புளித்தண்ணியையும் எண்ணெயையும் ஒண்ணா இழுத்து நூடுல்ஸ் மேல பூசி விடும், இல்லன்னா எல்லாம் தட்டுக்கு அடில எறங்கி குட்டையா நிக்கும். அதே மாதிரி அங்க மீன் சாஸும் காஞ்ச எறால் பொடியும் விழும். ஆயா சொன்ன 'வுட்டுட்டு வந்த பாதி' அதுதான். இங்க பெரும்பாலான வண்டில அது இல்ல, உப்பும் புளியும் அந்த எடத்த புடிச்சிக்கிச்சு. வேணும்னா ரெண்டு ஸ்பூன் காஞ்ச சென்னாகுனி (பொடி எறால்) வறுத்து பொடி பண்ணி தூவிப் பாருங்க, வேற ரேஞ்சுக்கு போயிடும். சைவம்னா கவலப்படாதீங்க, மெட்ராஸ் அத்தோ அது இல்லாமலே முழு அத்தோதான், ஆயா கோச்சுக்கிட்டாலும் பரவால்ல.

நூடுல்ஸுக்கு வருவோம். வண்டில பாக்குற அந்த தடியான ஆரஞ்சு நூடுல்ஸ் நம்ம தெருக்கடைல கெடைக்காது, ஹக்கா நூடுல்ஸ் 300 கிராம் வாங்கிக்கோங்க, போதும். அந்த மசாலா பாக்கெட்டோட வர்ற ரெண்டு நிமிஷ நூடுல்ஸ் வேணாம், அது சுருண்டு கொழஞ்சிடும். நெறம் வேணும்னா கொதிக்கிற தண்ணில ஒரு சிட்டிக கேசரி பவுடர், வேணாம்னா கொஞ்சம் மஞ்சத்தூள், எதுவும் போடாட்டியும் ருசி மாறாது, நெறம் கண்ணுக்குத்தான். பாக்கெட்ல போட்டிருக்குற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே எறக்கி வடிச்சு பச்சத் தண்ணில அலசி, ரெண்டு ஸ்பூன் அந்த பூண்டு எண்ணெய தடவி, பெரிய தட்டுல பரப்பி ஃபேன் கீழ வைங்க. முழுசா ஆறணும். சூடா இருக்கும்போது முட்டகோச கலந்தா கோசு வதங்கிடும், அப்புறம் அது அத்தோ இல்ல, டிபன்.

முட்டகோசு கால் கிலோ, எவ்ளோ மெல்லிசா சீவ முடியுமோ அவ்ளோ மெல்லிசா, பச்சயாத்தான் போடப் போறோம் அதனால வெளி இலைய எடுத்துட்டு உப்புத் தண்ணில நல்லா அலசி, துணில ஒத்தி ஈரம் இல்லாம வைங்க. ஒரு பச்ச வெங்காயம் நீளமா, கொஞ்சம் கொத்தமல்லி, ஒரு எலுமிச்ச.

அடுத்தது பேஜோ. இதுவும் பர்மா பேர்தான், 'பெ'ன்னா பருப்பு பயறு வக, 'ஜோ'ன்னா பொரிச்சது. பட்டாணிப் பருப்போ கடலப் பருப்போ ஒரு கைப்பிடி மூணு மணி நேரம் ஊற வைங்க, ஒரு கப் அரிசி மாவு, ரெண்டு ஸ்பூன் மைதா, உப்பு, மஞ்சள் சேத்து நீர் தோச மாவு மாதிரி கரச்சு பருப்ப அதுல போடுங்க. எண்ணெ நல்லா காஞ்சதும் ஒரு சின்ன கரண்டி மாவ எடுத்து, நடுவுல ஊத்தாதீங்க, கடாய் ஓரத்துல சரிச்சு விடுங்க, அது வழிஞ்சு எறங்கும்போதே மெல்லிசா விரியும். மொத ரெண்டு கண்டிப்பா பிஞ்சு போகும், சாப்டுருங்க. பொறுமை இல்லாதவங்களுக்கு ஒரு வழி சொல்றேன், நல்ல தட்டை வாங்கி ஒடச்சுப் போடுங்க, எண்பது பர்சன்ட் வந்துரும். நானே வார நாள்ல அதத்தான் பண்றேன்.

இப்ப கலக்குறது. நாலு பேருக்கும் மொத்தமா ஒரே குண்டால கலக்கிடலாம்னு தோணும், பண்ணாதீங்க. வண்டிக்காரரு ஏன் ஒவ்வொரு பிளேட்டா கலக்குறாருன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சேன், கூட்டம் நிக்குது மொத்தமா பண்ணா சீக்கிரம் முடியுமேன்னு. வீட்ல பண்ணிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, உப்பு பட்ட அஞ்சு நிமிஷத்துல கோசு தண்ணி விட ஆரம்பிச்சிடும், பொரிச்ச வெங்காயம் நமுத்துடும், மூணாவது ஆளுக்கு போறப்ப கஞ்சி மாதிரி இருக்கும். அதனால ஒரு ஆளுக்கு ஒரு தடவ.

ஒரு பெரிய கிண்ணத்துல ரெண்டு கைப்பிடி நூடுல்ஸ், ஒரு கைப்பிடி கோசு, கொஞ்சம் பச்ச வெங்காயம். மேல பொட்டுக்கடல மாவு ஒரு ஸ்பூன், கால் ஸ்பூன் உப்பு, அர ஸ்பூன் இடிச்ச மொளகா, ரெண்டு ஸ்பூன் புளித்தண்ணி, ரெண்டு டீஸ்பூன் பூண்டு எண்ணெ. கைய கழுவிட்டு (க்ளவுஸ் போட்டாலும் சரி) அடிலேர்ந்து தூக்கித் தூக்கிக் கலங்க, சாதம் பெசயுற மாதிரி அழுத்தக் கூடாது, வெரல விரிச்சு கோதி விடணும், தல சிக்கு எடுக்குற மாதிரி. முள்கரண்டிலயும் கலக்கலாம், ஆனா மாவு ஒரே எடத்துல கட்டிக்கும், அது கைக்குத்தான் தெரியும். ருசி பாருங்க. புளிப்பு முன்னாடி வரணும், உப்பு அடுத்து, காரம் கடைசில ஏறணும். கொறஞ்சா எலுமிச்ச புழியுங்க. எல்லாம் சரின்னதும் பொரிச்ச வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, பேஜோவ நொறுக்கி மேல தூவி ரெண்டே ரெண்டு பொரட்டு. உடனே தட்டுக்கு மாத்தி கைல குடுத்துடுங்க. போட்டோ எடுக்கணும்னா அடுத்த பிளேட்டுக்கு எடுத்துக்கலாம்.

முட்ட மசாலா இல்லாம விட்டா என்ன திட்டுவாங்க, அதனால அதையும் சொல்லிடுறேன். வேக வச்ச முட்டைய முழுசா ரெண்டா வெட்டாம நடுவுல கீறி, உள்ள பொரிச்ச வெங்காயம் பூண்டு திணிச்சு, மேல உப்பு, மொளகா, ஒரு ஸ்பூன் புளித்தண்ணி, ஒரு ஸ்பூன் பூண்டு எண்ணெ, கொத்தமல்லி. அத ஸ்பூன்ல வெட்டி சாப்டுறவங்க பழகாதவங்க, பழகுனவங்க ஒரே வாய்ல போட்டுட்டு ஒரு நிமிஷம் யார்கிட்டயும் பேச மாட்டாங்க.

அதே பேஜோல ரெண்டு மூண எடுத்து ஒரு கெண்ணத்துல நொறுக்கிப் போட்டு, பச்ச வெங்காயம், புளித்தண்ணி, எண்ணெ, மொளகா சேத்து, மேல கொதிக்கக் கொதிக்க சூப்ப ஊத்துனீங்கன்னா அது இன்னொரு ஐட்டம், வண்டில பேஜோன்னு கேட்டா இதத்தான் குடுப்பாங்க. ஜலதோஷம் புடிச்சவங்களுக்கு அத்தோவ விட இதுதான் நல்லது, மெளக கொஞ்சம் கூட்டிக்கோங்க.

சூப்ப மட்டும் சின்ன தீல வச்சுக்கிட்டே இருங்க, ஏன்னா ரெண்டாவது கெண்ணம் எல்லாரும் கேப்பாங்க, வண்டில அதுக்கு காசு வாங்க மாட்டாங்க, நீங்களும் மூஞ்சி சுளிக்காம ஊத்துங்க. மிச்சமான பூண்டு எண்ணெய சின்ன பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜுல வச்சு மூணு நாலு நாளுக்குள்ள காலி பண்ணிடுங்க, காலைல தோசைக்கு பொடி கொழைக்க அத விட நல்ல எண்ணெ நான் பாத்ததில்ல.